வினாடிக்கு ரெண்டு அலை

ஜன்னல் சீட்டு நீங்களே வெச்சுக்குங்க தம்பி, எனக்குக் காத்தெல்லாம் வேண்டாம். இந்தப் பையை மடியில வெச்சுக்கறேன், மேல வெச்சா ஆடும். தேங்காய் பழமெல்லாம் மேலாப்புலதானுங்க. அடியில இருக்கறது வேற சாமான். வயரு வெளிய தொங்குது பாருங்க, அதனாலதான் கண்டக்டர் உக்கடத்துல ஏறறப்பவே ஒரு மாதிரிப் பாத்தாப்ல. நீங்க பழனிங்களா? நான் உடுமலையில எறங்கோணுங்க. என்ர புள்ளைக்கு அங்க இன்னைக்குக் கல்யாணம்.

ஆமாங்க, இன்னைக்கேதான். ஒம்பதரைக்கு மேல முகூர்த்தம். பொண்ணோட அப்பன் இப்படி டவுன் பஸ்ஸுல போறாப்ல பையை மடியில வெச்சுட்டுப் போறானேன்னு பாக்கறீங்க. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் நேத்தே வேன் வெச்சுப் போயிட்டாங்க. நான்தான் காத்தால பஸ்ஸுல வந்துக்கறேன்னு சொன்னேன். ஊட்டைப் பூட்டோணும், பால்காரனுக்குச் சொல்லோணும்னு ஏதோ சொல்லி வெச்சேன். நெசம் என்னன்னா, வேன்ல போனா என்ர ஊட்டுக்காரி பையைத் தொழாவுவா. மரகதம் நெம்ப நல்லவதானுங்க. ஆனா இந்தப் பெட்டியைக் கண்டா மட்டும் ஆகாது.

என்ன பெட்டின்னு கேக்க மாட்டீங்கறீங்களே! ஆஸிலோஸ்கோப்புங்க. நானே பண்ணினது.

கரண்ட் கம்பியில வர்ற கரண்ட் இருக்குதில்லைங்க, அது நேராப் பைப்புத் தண்ணியாட்ட வராதுங்க. ஏறி எறங்கி, ஏறி எறங்கி, அலையா வரும். அந்த அலையைக் கம்ப்யூட்டர் திரையில கோடு போட்டுக் காட்டறதுதான் இந்தச் சாமான். நான் முப்பது வருசத்துக்கு மேல ஒரு பம்புசெட்டு கம்பெனியில ஸ்டோர் கீப்பருங்க. என்ர கையெழுத்து இல்லாம ஒரு ஸ்க்ரூ உள்ள வராது, வெளிய போகாது. ஆனா ஒரே ஒரு ஆஸிலோஸ்கோப்பு வந்துச்சு பாருங்க, வெளிநாட்டுச் சரக்கு, அதை மட்டும் கண்ணாடி ரூமுல ஏசி போட்டு வெச்சாங்க. நான் ஒரு தரம் கிட்டப் போய்ப் பாத்தேன். நேத்து வந்த இன்ஜினீயர்ப் பையன் சொல்றான், "சென்னியப்பன், தள்ளி நில்லுங்க, தூசி படும்." என்ர மேல தூசியாம். அதுக்கப்புறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் அதைக் கண்ணாடிக்கு வெளிய நின்னுதான் பாத்தேன். அது எனக்கு நெம்ப வலிச்சுதுங்க. இன்னைக்கும் வலிக்குது.

அதனால ரிட்டயர் ஆனதும் மொத வேலையா இதைத்தான் எடுத்தேன். மத்தவங்க காசிக்குப் போவாங்க, நான் காந்திபுரத்துல பார்ட்ஸ் கடைக்குப் போனேன். மைக்ரோ கன்ட்ரோலர்னு ஒரு சிப்புங்க, வெரல் நகத்தை விடக் கொஞ்சம் பெருசு. எல்லா மூளையும் அதுக்குள்ள. பழைய ரேடியோவுக்குப் போடற எலிமினேட்டர் ஒண்ணு பரணையில கெடந்துச்சு, அதைப் பிரிச்சு உள்ள இருக்கற டிரான்ஸ்பார்மரை எடுத்து வீட்டுக் கரண்டைக் கொறைச்சேன். அப்பவும் அந்தச் சிப்புக்கு ஜாஸ்தி. ரெண்டு ரெசிஸ்டர் போட்டு இன்னுங் கொறைச்சேன். சிப்புக்கு சைபருக்குக் கீழ ஒண்ணும் தெரியாதுங்க, அலை கீழ எறங்கினா கணக்குல வராது, அதனால மொத்த அலையையும் மேல தூக்கி நிறுத்தோணும். இதெல்லாம் யூடியூப்புல பாத்துப் பாத்துத்தான். மூணு சிப்பு பொகைஞ்சு போச்சு. அந்த வாசம் ஊடு பூரா அடிச்சு, சாமி ரூமுல சாம்பிராணி போட்டாலும் போகலைங்க. மரகதம் வந்து ஜன்னலைத் தொறந்து வெச்சா.

புள்ள சிந்துஜாவோட ஜியாமெட்ரி பாக்ஸுக்குள்ளதான் எல்லாத்தையும் அடக்கினேன். அவ பழைய லேப்டாப்பையே திரையா வெச்சுக்கிட்டேன். லேப்டாப்பு "இப்ப எவ்வளவு?"ன்னு கேக்கும், சிப்பு எட்டிப் பாத்து "இவ்வளவு"ன்னு சொல்லும், லேப்டாப்பு ஒரு புள்ளி வெக்கும். கேக்கறதும் சொல்றதும் புள்ளி வெக்கறதும்தான் அதுங்க சோலி. புள்ளியெல்லாம் சேந்தா கோடு. அவ்வளவுதானுங்க சூட்சுமம். இதுக்கா கண்ணாடி ரூமு!

மொத நாளு ஓட விட்டா, திரை பூராக் கறுப்பாப் பட்டை அடிச்சாப்ல இருந்துச்சு. அலை நெம்ப வேகமா ஓடுது, கண்ணுக்கு நிக்கல. நான் என்ன பண்ணினேன், புரோகிராமுல ஒரு வரி சேத்தேன். ஒரு தரம் எட்டிப் பாத்தா, கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு அடுத்த தரம் பாருன்னு. நானே எழுதின வரிங்க அது, யூடியூப்புல இல்ல. போட்டேன் பாருங்க, அலை அப்படியே அழகா, கோயில் யானை நடந்து வர்றாப்ல நிதானமா வந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மரகதத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ பாத்துட்டு, "நல்லா இருக்குதுங்க, மிக்சியைப் போட்டுக்கலாமா?"ன்னா.

அப்பறந்தான் எண்ணினேன். எண்ணினதுதான் பெரிய விசயம். சட்டப்படி நம்ம ஊட்டுக்கு வினாடிக்கு அம்பது அலை வரோணும். பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துலயே போட்டிருக்குது. என்ர ஊட்டுக்கு எத்தனை வந்துச்சு தெரியுங்களா? ரெண்டு! வினாடிக்கு ரெண்டே ரெண்டு அலை. மறுபடி மறுபடி எண்ணினேன். ரெண்டேதான். அம்பதுக்கு பில்லைக் கட்டிட்டு ரெண்டை வாங்கிட்டு இருந்திருக்கோம், இத்தனை வருசமா!

சிந்துஜாகிட்டச் சொன்னேன். அவளும் எலக்ட்ரானிக்ஸ் படிச்ச புள்ளதானுங்க, பெங்களூருல வேலை. அவ திரையைப் பாத்துட்டுச் சிரிக்கறா. "அப்பா, சினிமாவுல வண்டி வேகமாப் போறப்ப சக்கரம் மெதுவாச் சுத்தறாப்ல, பின்னாடி சுத்தறாப்லயெல்லாம் தெரியுமில்லைங்ப்பா, அதுதான் இது. அலை அம்பதுதான் வருது. உங்க சிப்பு எப்பவாச்சும் ஒருக்கா எட்டிப் பாக்குது. நடுவுல போனதையெல்லாம் பாக்காம உட்டுட்டு, பாத்ததை மட்டும் வெச்சுக் கோடு போடுது. அந்த வெயிட்டிங்கை எடுத்துருங்ப்பா, சரியாயிரும்." நல்லாப் படிக்க வெச்சேன் புள்ளைய! நான் நாள் பூராத் திரை முன்னாடி கண் கொட்டாம உக்காந்திருக்கறேன், எப்பவாச்சும் எட்டிப் பாக்கறேங்கறா. நான் வேல மெனக்கெட்டுச் சேத்த ஒரே வரியை எடுங்கறா. எனக்குக் கோவம் வந்துருச்சு. அவ என்னமோ அப்பறமும் சொல்ல வந்தா, "அப்பா, பெங்களூருல எனக்கு..."ன்னு ஆரம்பிச்சா. நான் அலை எண்ணிட்டு இருந்தேன். அப்பறம் பேசலாங் கண்ணுன்னுட்டேன்.

கிணத்துக்கடவுங்களா இது? கூட்டம் ஏறுது பாருங்க. காலை இக்கட்டால நகத்திக்குங்க.

இதுல என்ன கூத்துன்னா, சிந்துஜாவுக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளையோட அப்பா யாருன்னு நெனைக்கறீங்க? எங்க ஏரியா கரண்ட் ஆபீஸுல இன்ஜினீயரு. திருமூர்த்தின்னு பேரு, சொந்த ஊரு உடுமலை. சம்பந்தம் பேசினப்ப எங்க வீதியே சந்தோசப்பட்டுச்சு. இனி கரண்ட் போனா சென்னியப்பன் ஊட்டுக் கதவைத் தட்டினாப் போதும்னாங்க. நானும் பெருமையாத்தான் இருந்தேன். ஆனா அலை எண்ணினதுக்கப்பறம் மனசு கேக்கல. சம்பந்தின்னு பாத்தா நியாயம் என்ன ஆகறது?

மொதல்ல பக்குவமாத்தான் கேட்டேன். போன்ல, "சம்பந்தி, நம்ம ஊட்டுக்கு அலை கொஞ்சம் கம்மியா வருதுங்களே"ன்னேன். அவரு, "வோல்டேஜுங்களா?"ன்னாரு. "இல்லைங்க, அலை. அம்பதுக்கு ரெண்டுதான் வருது"ன்னேன். மறுக்கா ஒருக்காச் சொல்லச் சொன்னாரு. அப்பறம் சிரிக்கறாரு. "ரெண்டு வந்தா உங்க ஊட்டு பேன் சுத்தாதுங்க சம்பந்தி"ன்னாரு. பேனு சுத்தறது எனக்கும் தெரியுதுங்க. சுத்துதுங்கறதுக்காக நாம கேள்வி கேக்கக் கூடாதா? ஒரு லைன்மேனை அனுப்பி வெச்சாரு. அந்த ஆளு டெஸ்டரைப் பிளக்குல சொருகி, லைட்டு எரியுது, "வருதுங்களே"ன்னுட்டு, காப்பி குடிச்சுட்டுப் போயிட்டான். வருதா வரலையாங்கறதா கேள்வி? எத்தனை வருதுங்கறதுதானுங்க கேள்வி!

வீதியில விசயம் பரவிருச்சு. நான் சொல்லல, அதுவாப் பரவிருச்சு. சும்மா நாலு பேருகிட்டச் சொன்னேன், அவ்வளவுதான். ஒவ்வொருத்தரா வந்து அவங்கவங்க ஊட்டு அலையை எண்ணச் சொன்னாங்க. நானும் பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன். ஒரு ஊட்டுல மூணு, ஒரு ஊட்டுல ஒண்ணரை, கவுன்சிலர் தம்பி ஊட்டுல ஏழு! அந்த ஏழைக் கேட்டதும் வீதி கொதிச்சுப் போச்சுங்க. துணி தேய்க்கறவரு, அதனாலதான் மடிப்பு நிக்க மாட்டீங்குதுன்னாரு. ஒரம்மா, பையன் கணக்குல பெயிலானதே இந்தக் கரண்டாலதான்னாங்க. ரிட்டயர்டு தலைமை வாத்தியாரு ஒருத்தரு, தனக்கு முட்டி வலி ஆரம்பிச்ச வருசத்தைச் சொல்லி, அப்பவே எனக்குச் சந்தேகந்தான்னாரு. குடியிருப்போர் சங்கத்துல பிளக்ஸ் வெச்சாங்க, "சம அலை எங்கள் உரிமை"ன்னு. என்ர போட்டோவோடங்க! எலக்சன் நெருங்கற நேரமுங்க, ஓட்டுக் கேட்டு வந்த ஒருத்தரு, நாங்க வந்தா ஊட்டுக்கு ஊடு அம்பது அலைன்னு மைக்குல சொல்லிட்டே போனாரு. இன்னொருத்தரு வந்து அறுவதுன்னாரு. முப்பது வருசம் நான் கம்பெனியில ஒரு கூட்டத்துல கூட வாயைத் தொறந்ததில்லைங்க. எனக்கு மாலை போட்டாங்க தம்பி.

மரகதம் அன்னைக்கு என்ன சொன்னா தெரியுங்களா? "பிளக்ஸுல உங்க மூஞ்சி, அதுக்கு நேரா கரண்ட் ஆபீஸு, அதுக்குள்ள நம்ம சம்பந்தி. அவரு தெனமும் அதைப் பாத்துட்டே உள்ள போறாருங்க. நம்ம புள்ள அந்த ஊட்டுலதான் வாழோணும்." நான் சொன்னேன், பொதுக் காரியமும் குடும்பமும் வேற வேற. அவ அரிசியைக் களைஞ்சுட்டே இருந்தா. நான் சொல்றது சரின்னு பட்டிருக்கும்.

நிச்சயம் உடுமலையில மாப்பிள்ளை ஊட்டுலயே வெச்சாங்க. பெட்டியை நான் சண்டைக்கு எடுத்துட்டுப் போகலைங்க. ஒரு ஆராய்ச்சிக்குத்தான். எல்லாரும் பெருசா ஜமக்காளம் விரிச்சு உக்காந்துட்டாங்க. தட்டு மாத்தறதுக்குப் பெரியவங்க ரெண்டு பக்கமும் எந்திரிச்சுட்டாங்க. நான் சோபாவுக்குப் பின்னாடி ஒரு பிளக் இருந்துச்சு, அதுல போய்ச் சொருகினேன். அதுல ஏற்கெனவே ஒரு நிக்கற பேனு சொருகி இருந்துச்சு, அதைப் புடுங்கித்தான் ஆகோணும். பெரியவங்களுக்கெல்லாம் வேத்து ஊத்துது. லேப்டாப்புல அன்னைக்கு சார்ஜ் கம்மி, கொஞ்சம் மந்தமாத்தான் ஓடுச்சு. ஆனாலும் அலை வந்துச்சு. எண்ணினேன். பதினொண்ணு!

நீங்களே சொல்லுங்க தம்பி, எனக்கு ரெண்டு, அவருக்குப் பதினொண்ணு. ஒரு மனுசன் எப்படிப் பொறுப்பான்? தட்டுல கை வெக்கப் போன நேரத்துல நான் எந்திரிச்சு, "பதினொண்ணு வருதுங்க இந்த ஊட்டுக்கு!"ன்னுட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் வந்துருச்சு. மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தங்க, பதினொண்ணு நல்ல நம்பருதானுங்களே, பவுனுங்களா, நம்ம பக்கத்துல பேசி முடிச்சதை விட ஜாஸ்தி ஏதும் கேக்கறாங்களான்னு பக்கத்துல கேக்கறாங்க. நான் வெளக்கமாச் சொன்னேன். கரண்ட் ஆபீஸரு ஊட்டுக்கு மட்டும் எப்படி இத்தனை அலைன்னு சபையிலயே கேட்டேன். எல்லாரும் தட்டையே பாக்கறாங்க. பதில் இருந்தாத்தானே? சிந்துஜா தலையைக் குனிஞ்சவதான், அப்பறம் நிமிரவே இல்ல. பொண்ணுன்னா வெக்கம் இருக்குமில்லைங்க.

சம்பந்தி மட்டும் கிட்ட வந்து, பேனைத் திரும்பச் சொருகிட்டு, என்ர தோள்ல கை போட்டு, "வாங்க, தட்டு மாத்தலாம்"னாரு. அவ்வளவு பயம் அவருக்கு. அடுத்த வாரம் எங்க ஊட்டுக்கே வந்துட்டாரு. திண்பண்டமெல்லாம் வாங்கிட்டு வந்து, ஒரு மணி நேரம் பழமை பேசிட்டு, போறப்ப மெதுவாச் சொல்றாரு, "சம்பந்தி, கல்யாணத்துக்கு நீங்க வந்தாப் போதும். பெட்டி வேண்டாம்." பாத்தீங்களா? பெட்டின்னா நடுக்கம்! உண்மை இல்லாதவனுக்குத்தானே நடுக்கம் வரும்?

அதைப் புடிச்சுக்கிட்டா மரகதம். இதுவரைக்கும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசாதவ, நேத்து வேன்ல ஏறறப்ப என்ர கையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்றா, "ஏனுங், இத்தனை வருசத்துல உங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்கல. இந்த ஒரு காரியம் கேக்கறேன். வெறுங்கையோட வாங்க. உங்க கையால தாரை வாத்துக் குடுங்க. புள்ள ராத்திரிப் பூரா அழுதுருக்கறா, அப்பா வந்து நிப்பாரான்னு." வர்றேம் புள்ள, நான் இல்லாம எப்படின்னேன். நெசமாத்தான் சொன்னேன். சிந்துஜா பொறந்தப்ப அவளை மொதல்ல கையில வாங்கினவன் நானுங்க. அந்த ஜியாமெட்ரி பாக்ஸும் அவ ஆறாவது சேர்றப்ப நான் வாங்கிக் குடுத்ததுதான். அவளை ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கறப்ப நான் பக்கத்துல இருக்கோணும். அது எனக்கு இந்த அம்பது அலையை விடப் பெருசுங்க. நெசமாலுமே பெருசு.

பெட்டியை எதுக்கு எடுத்துட்டுப் போறேன்னா கேக்கறீங்க? வெளிய எடுக்க மாட்டேனுங்க. சத்தியமா எடுக்க மாட்டேன். தாரை வாத்து, தாலி கட்டி, எல்லாரும் பந்திக்குப் போன பொறவு, மண்டபத்துல ஒரு மூலையில ஒரே ஒரு தரம் எண்ணிப் பாத்துட்டு உள்ள வெச்சுருவேன். கேட்டாத்தான் சொல்லுவேன். கேக்காட்டிச் சொல்ல மாட்டேன்.

பொள்ளாச்சியில பாதிப் பஸ்ஸு எறங்கிருச்சு பாருங்க, இப்பத்தான் காலை நீட்ட முடியுது. சித்தே இந்தத் தேங்காயைப் புடிங்க. இல்லைங்க, நீங்க நம்பாத மாதிரியே பாக்கறீங்க. ஒரு நிமிசந்தான். எங்க ஊட்டு அலையை இதுல பதிஞ்சு வெச்சிருக்கறேன், கண்ணால பாத்தாத்தான் உங்களுக்கு வெளங்கும். பழைய லேப்டாப்பு, தொறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். சுத்தி சுத்தி வருது பாருங்க, வந்துரும். வெளிச்சம் அடிக்குது, அந்த ஜன்னல் தெரையை இழுத்து விடுங்க. ம், இப்பத் தெரியுது. இந்தா, இதுதான் அலை. எப்படி வருது பாருங்க, ஏறுது... எறங்குது... இது ஒண்ணு. ஏறுது... எறங்குது... இது ரெண்டு. எண்ணிட்டே வாங்க. கண்ணை எடுக்காதீங்க. நடுவுல பேசினா உட்டுப் போயிரும், மறுக்கா மொதல்ல இருந்து எண்ணோணும். இது கவுன்சிலர் தம்பி ஊட்டு அலை, வித்தியாசம் தெரியுதுங்களா? பொறுங்க, உங்களுக்குப் பதினொண்ணையும் காட்டிடறேன். அது எந்த பைல்ல இருக்குதுன்னு... இதில்லை... இதுவும் இல்ல... ஆங், இதோ. எண்ணுங்க.

என்னங்க, கண்டக்டர் எந்த ஊரைக் கூப்பிட்டாப்ல? மடத்துக்குளங்களா? மடத்துக்குளம் உடுமலையைத் தாண்டி அக்கட்டாலதானுங்க வருது. இல்லைங்க, இருக்காது. உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகவே இல்லையே! போச்சுங்களா? எப்பப் போச்சு? நின்னுதுங்களா? எத்தனை நேரம் நின்னுது?

கண்டக்டரு! நிறுத்துங்க சாமி, நிறுத்துங்க! எதுத்த பஸ்ஸு எப்ப வரும்? மணி என்னங்க தம்பி, உங்க வாச்சுல மணி என்ன?

போனை எடுங்க, அந்தப் பக்கத்துல... இருக்கட்டும், நானே எடுக்கறேன். ஐயோ, எத்தனை கால் வந்திருக்குது பாருங்க. பஸ்ஸு சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்களே. மரகதம்... மரகதம்... சிந்துஜா. சிந்துஜாவே பண்ணியிருக்கறா. மணவறையில இருந்து பண்ணியிருக்கறாளாட்ட இருக்குது.

அலோ? மரகதம்? நான்தான். வந்துட்டேன், பக்கத்துலதான் இருக்கறேன். சீர் பண்ற அருமைக்காரரைச் சித்தே நிறுத்தச் சொல்லு. ஒரு பத்து நிமிசம். மரகதம்? பேசு புள்ள. என்னன்னு கேக்கலையே, மேளச் சத்தமா இருக்குது...

கெட்டிமேளமுங்க தம்பி. மரகதம் போனை மேல தூக்கிப் புடிச்சிருக்கறாளாட்ட, நான் கேக்கட்டும்னு. என்ர புள்ளைக்குத் தாலி ஏறுதுங்க. யாரு தண்ணி ஊத்தினாங்களோ, யாரு கையைப் புடிச்சுக் குடுத்தாங்களோ தெரியலைங்களே.

இவ்வளவு நேரமாப் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தீங்க. ஜன்னல் சீட்டு வேற உங்களுது. உடுமலை வந்துருச்சுன்னு நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா?